அப்பாயியின் போர்வைக்கு ஒரு போட்டோகூட இல்லை!

போன அக்டோபரில் ஒருநாள், ஷிஃப்ட் முடியும் நேரத்தில் சீனியர் ஒரு வேலை கொடுத்தார். "ராபர்ட் ராஷன்பெர்க்னு ஒரு அமெரிக்க ஓவியர். பிறந்து 100 வருஷம் ஆகுது. படம் போட்டு ஒரு போட்டோ ஸ்டோரி பண்ணிடும்மா."

முதல் படத்தைத் திறந்ததுமே சிரித்துவிட்டேன். சுவரில் செங்குத்தாக ஒரு படுக்கை. தலையணை, விரிப்பு, ஒட்டுப்போட்ட போர்வை. அதன் மேல் பெயின்ட்டை வழியவிட்டு, பென்சிலால் கிறுக்கியிருந்தார். 1955-ல் செய்தது. பெயரும் 'படுக்கை'தான். இப்போது நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அடுத்த படத்தில், பாடம் செய்த அங்கோரா ஆடு ஒன்று இடுப்பில் டயரோடு ஓவியப் பலகை மேல் நிற்கிறது. இது ஸ்டாக்ஹோம் மியூசியத்தில்.

ஓவியமா, சிற்பமா? இரண்டுக்கும் நடுவில் இருந்ததால் 'கம்பைன்' என்று பெயர் வைத்தாராம். தெருவில் கிடந்த பொருள்களைப் பொறுக்கிவந்து செய்தவை பல.

'குப்பையைச் சுவரில் மாட்டினால் கலையா?' என்று தலைப்பு வைத்தேன். கிளிக் அள்ளும் என்று தெரியும். டிராஃப்ட்டில் போட்டுவிட்டு ஊருக்கு பஸ் ஏறினேன். மறுநாள் அப்பாயிக்குப் பதினாறாம் நாள் காரியம்.

வீட்டில் நுழைந்ததும் அப்பாயியின் போர்வையைத் தேடினேன். பழைய நூல் சேலைகளை அடுக்கி, கையாலேயே தைத்தது. கிழிந்த இடத்தில் எல்லாம் ஒட்டு. ஒரு மூலையில் என் எல்.கே.ஜி யூனிஃபார்ம் துண்டு.

"நேத்து வீடு கழுவினப்ப குப்பை வண்டியில போட்டாச்சு. கடைசியா போத்தியிருந்ததை வெச்சுக்கக் கூடாதுடி" என்றார் அம்மா.

அம்மா மேல் கோபப்பட முடியவில்லை. ஊர் வழக்கம் அது. போனில் தேடினேன். ஆயிரக்கணக்கான போட்டோக்கள். அந்தப் போர்வைக்கென்று ஒன்றுகூட இல்லை. என் செல்ஃபி ஒன்றில், தோளுக்குப் பின்னால் அதன் ஓரம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் ராஷன்பெர்க்கைப் பற்றிப் படித்துக்கொண்டு வந்தேன். டெக்சாஸில், போர்ட் ஆர்தர் என்ற ஊரில் பிறந்தவர். அவருடைய அம்மா துண்டுத் துணிகளைச் சேர்த்துச் சட்டை தைத்துக் கொடுப்பாராம். கான்வாஸ் வாங்கக் காசில்லாமல்தான் போர்வையை எடுத்தார் என்றும் சொல்வார்கள். 1975-ல் அகமதாபாத்துக்கு வந்து காகிதம், துணி, மண், மூங்கில் வைத்தும் வேலை செய்திருக்கிறார்.

மறுபடி அந்தப் படுக்கையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இந்த முறை கண் பெயின்ட் பக்கம் போகவில்லை. தலையணைக்குக் கீழே போர்வை கொஞ்சம் மடங்கியிருக்கிறது, யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல. காலையில் அப்பாயியின் கட்டிலும் அப்படித்தான் இருக்கும்.

பஸ்ஸிலேயே தலைப்பை மாற்றினேன். 'ஒரு போர்வை ஓவியமான கதை'. "பழைய தலைப்பே நல்லா போயிருக்கும்" என்றார் சீனியர். உண்மைதான், பெரிதாக ஓடவில்லை.

போகிக்கு வீட்டில் பழையதைக் கழிப்பீர்கள். கழியுங்கள், எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள வீட்டில் இடமில்லை. அதற்கு முன்பு ஒவ்வொன்றையும் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். தைத்தவர் இருந்தால், எந்தத் துண்டு யாருடையது என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.