கிணறு கேட்கும் குதிரைத்திறன்

‘5 ஹெச்.பி. மோட்டாரில் தண்ணீர் முன்போல வரவில்லை. 7.5 ஹெச்.பி. போடலாமா சார்?’

பங்குனி பிறந்துவிட்டால் போதும், உடன்குடி, சாத்தான்குளம், திருச்செந்தூர் பக்கத்து விவசாயிகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ஒரே வரியில் பதில் சொல்ல என் வாய் வராது. காரணம், ஒரு காலத்தில் நான் ஒரே வரியில் சொன்ன பதில் ஒன்று ஒரு கிணற்றையே கெடுத்துவிட்டது.

கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் படித்து முடித்து, வேலையில் சேர்ந்த புதிது. எங்கள் பெரியப்பாவுக்குத் தேரிக்காட்டு ஓரம் இரண்டு ஏக்கர் தோட்டம். ஒரு ஏக்கர் வாழை, மீதி முருங்கை, வரப்பில் பனை. கமலை இறைத்த காலத்திலிருந்து ஒரே கிணறு. தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். பெரியம்மா பருப்பு வேகவைக்க அந்தத் தண்ணீரைத்தான் எடுப்பார்.

மின் இணைப்பு கிடைத்ததும் பெரியப்பா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். “படிச்ச பய நீ சொல்லுலே. ஒண்ணரை குதிரை போதும்ங்கான் மெக்கானிக்கு. அஞ்சு போடட்டுமா?”

நான் யோசிக்கவே இல்லை. “அஞ்சே போடுங்க பெரியப்பா. கூட இருந்தா நல்லதுதானே” என்றேன்.

முதல் வருடம் ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. குழாயில் தண்ணீர் யானைத் துதிக்கைபோல வந்து விழுந்தது. மூன்றாவது கோடையில் வாழை இலையின் ஓரங்கள் கருக ஆரம்பித்தன. பொட்டாஷ் பற்றாக்குறை என்று நினைத்து உரம் போடச் சொன்னேன். கருகல் கூடியதே தவிரக் குறையவில்லை. ஒருநாள் பெரியம்மா, “பருப்பு வேகமாட்டேங்கு மக்கா” என்றார். அப்போதுதான் ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். உவர்ப்பு நாக்கில் ஏறியது.

என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன். கடற்கரை ஓரத்தில் மண்ணுக்கடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. உப்புத் தண்ணீர் கனம். நல்ல தண்ணீர் லேசு. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் பழைய கணக்கு. இதைத் திருப்பிப் பாருங்கள். நீர்மட்டத்தை நிரந்தரமாக ஒரு அடி இறக்கினால், கீழே இருக்கும் உப்புத் தண்ணீர் நாளடைவில் 40 அடி மேலே ஏறிவரும். பெரிய மோட்டார் வேகமாக உறிஞ்சும்போது, கிணற்றுக்கு நேர் கீழே உப்புத் தண்ணீர் கூம்புபோல எழும்பி வருகிறது.

அன்று நான் போட்டிருக்கவேண்டிய கணக்கை இன்று போட்டுக் காட்டுகிறேன்.

பெரியப்பாவின் கிணறு 3 மீட்டர் விட்டம். பரப்பு சுமார் 7 சதுர மீட்டர். நன்றாக இறைத்துவிட்டு நிறுத்தினால் ஒரு மணி நேரத்தில் ஒரு மீட்டர் ஊறும். அதாவது மணிக்கு 7,000 லிட்டர். நொடிக்கு 2 லிட்டர். நீர்மட்டத்திலிருந்து வாய்க்கால் தலைப்பு வரை, குழாய் உராய்வையும் சேர்த்து 12 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 2 x 12 = 24. இதை 75-ஆல் வகுத்தால் 0.32 குதிரைத்திறன். சிறிய பம்பின் திறன் 40 சதவீதம் என்றால் தேவை 0.8. ஆக, ஒரு ஹெச்.பி. போதும். மெக்கானிக் சொன்ன ஒன்றரையே தாராளம்.

நான் போடச் சொன்ன 5 ஹெச்.பி., அதே கணக்கில் நொடிக்கு 12 லிட்டருக்கு மேல் இழுக்கும். ஊறுவது இரண்டு, இழுப்பது பன்னிரண்டு! கிணற்றில் மூன்று மீட்டர் தண்ணீர் நின்றாலும் அரை மணி நேரத்தில் அடிமண் தெரியும். அந்த வெற்றிடத்துக்குள்தான் கடல் ஏறியது.

ஒரு ஹெச்.பி.யில் பயிர் பிழைக்குமா என்று கேட்பீர்கள். நொடிக்கு 2 லிட்டர் என்றால் எட்டு மணி நேரத்தில் 56,000 லிட்டர். சொட்டுநீரில் ஆயிரம் வாழைக்கு, மரத்துக்கு 20 லிட்டர் வீதம் கொடுத்தாலும் 20,000 லிட்டர்தான் ஆகும். வாய்க்கால் பாசனத்தில்தான் தண்ணீர் போதாது என்று தோன்றும்.

நம் கடற்கரைக்கு இந்த ஞானம் புதிதல்ல. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், எடுத்த எடுப்பில் தோணிகளைக் கடலில் இறக்கிவிட மாட்டார்கள். முதலில் முத்துப் பார்களில் ஆளை இறக்கிச் சோதிப்பார்கள். சிப்பி முற்றியிருக்கிறதா, போதுமான அளவு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் குளிப்புக்கு நாள் குறிப்பார்கள். சிப்பி இல்லாத வருடங்களில் குளிப்பு கிடையாது. 1961-தான் இங்கே கடைசிக் குளிப்பு. கடலுக்குள் கிடக்கும் பாரையே சோதித்துவிட்டு இறங்கிய ஊரில், கண்ணுக்கு முன்னால் இருக்கும் கிணற்றைச் சோதிக்காமல் மோட்டார் வாங்குகிறோம்.

ஆகவே, கடைக்குப் போகும் முன் இதைச் செய்யுங்கள்:

• கோடையில், கிணற்றை நன்றாக இறைத்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஊறுகிறது என்று கயிற்றில் முடிச்சுப் போட்டு அளவெடுங்கள். மழைக்காலத்து ஊற்றை நம்பி மோட்டார் வாங்க வேண்டாம்.

• மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். ஊறுவதைவிட அதிகமாக இழுக்கும் பம்பு வேண்டவே வேண்டாம்.

• தண்ணீரை வருடத்துக்கு இரண்டு முறை பரிசோதனைக்குக் கொடுங்கள். மின் கடத்தும் திறன் 2.25-ஐத் தாண்டினால் வாழைக்கு ஆகாது. அந்த எண் ஆண்டுக்கு ஆண்டு ஏறினால் இறைக்கும் நேரத்தைக் குறையுங்கள்.

• வேகமாக ஒரு மணி நேரம் இறைப்பதைவிட, மெதுவாக, இடைவெளி விட்டுப் பல முறை இறைப்பது கடற்கரைக் கிணற்றுக்கு நல்லது.

• தண்ணீர் திடீரென்று குறைந்தால் முதலில் ஃபுட்வால்வு, இம்பெல்லர், வோல்டேஜ் பாருங்கள். பல நேரம் பழுது அங்கேதான் இருக்கும்.

இலவச மின்சாரம் இருக்கிறதே, பெரிய மோட்டாரால் என்ன நஷ்டம் என்று நினைப்பவர்கள் உண்டு. மின்சாரத்துக்குக் காசு இல்லை. ஆனால் உப்பேறிய கிணற்றை எந்த மானியத்திலும் திரும்ப வாங்க முடியாது. நம் கிணற்றில் ஏறிய உப்பு பக்கத்துத் தோட்டத்துக்கும் போகும். பெரியப்பா கிணற்றை ஒட்டிய இரண்டு தோட்டங்களிலும் பிற்பாடு வாழை போடுவதை விட்டுவிட்டார்கள்.

பெரியப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருநாள் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தபோது, “கிணத்த ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லே, நாம ரெண்டு பேரும்” என்றார். அவ்வளவுதான்.

இப்போது அந்தத் தோட்டத்தில் முருங்கையும் பனையும்தான் நிற்கின்றன. தம்பி ஒன்றரை ஹெச்.பி.க்கு மாறி, மழைநீரைக் கிணற்றருகே குழி வெட்டி இறக்குகிறான். உவர்ப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது. பருப்பு இன்னும் வேகவில்லை.

7.5 போடலாமா என்று கேட்ட வாசகருக்கு: உங்கள் கிணறு ஒரு மணி நேரத்தில் எத்தனை அடி ஊறுகிறது? அதை எழுதி அனுப்புங்கள். பதில் அதிலேயே இருக்கிறது.