இழு... விடு!

அயனம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு ரூம் எடுத்தோம். சென்ட்ரிங் பிரித்த அன்று, மண்ணில் கிடந்த பலகையின் ஆணி என் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு குதிகாலில் ஏறிவிட்டது. பிடுங்கினேன். ரெண்டு சொட்டு ரத்தம். அவ்வளவுதான்.

''ஊசி போட்டுக்கணுமோ?'' என்றேன் மேஸ்திரியிடம்.

''துருப்பிடிச்ச ஆணின்னாத்தான் சார் செப்டிக் ஆகும். இது புது ஆணி!''

நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டு இருந்தேன். நீங்களும்தானே? என் மனைவி நம்பவில்லை. ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டாள்.

''கடைசியா டி.டி. எப்போ போட்டீங்க?'' என்று கேட்டார் டாக்டர் அம்மா. இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன் தேதி கேட்டால் சட்டென்று சொல்வேன். இதற்கு, ''காலேஜ் படிக்கும்போது...'' என்று இழுத்தேன். ஆயிற்று, இருபது வருஷத்துக்கு மேல்!

துருவுக்கும் இந்த ரண ஜன்னிக்கும் நேரடி சம்பந்தம் இல்லையாம். டெட்டனஸ் கிருமி மண்ணிலும் சாணத்திலும் விதை மாதிரி வருஷக்கணக்கில் தூங்கும். எங்கள் ஏரிக்கரை மாதிரி மாடு மேய்கிற மண் என்றால் கேட்கவே வேண்டாம். அதற்குக் காற்று ஆகாது. ஆணி குத்திய சின்ன, ஆழமான காயம்தான் அதற்குக் கொண்டாட்டம். அங்கே முளைத்து விஷம் தயாரிக்கும்.

நான் பி.காம். எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு. உடம்பிலும் அப்படித்தான். ஒரு தசைக்கு 'இழு' என்று உத்தரவு போனால், எதிர்த் தசையை 'விடு' என்று அடக்க முதுகுத்தண்டில் தனி நரம்பு செல்கள் இருக்கின்றன. கிளைசின், காபா என்ற ரசாயனங்கள்தான் அவற்றின் குரல். டெட்டனஸ் விஷம் தசை நரம்பின் நுனியில் நுழைந்து, அதன் வழியாகவே முதுகுத்தண்டுக்கு ஏறுகிறது. அங்கே 'விடு' சொல்கிற செல்லுக்குள் தாவி, ரசாயனத்தை வெளியே அனுப்ப உதவும் புரதத்தைக் கத்தரித்துவிடுகிறது. வரவுப் பக்கம் கிழிந்த பேரேடு மாதிரி, உடம்பில் 'இழு' மட்டும் மிச்சம்!

பெரும்பாலும் முதலில் தாடை இறுகும். முகம் சிரிப்பதுபோல இழுத்துக்கொள்ளும். முதுகு வில்லாக வளையும். லேசான சத்தம், வெளிச்சம் பட்டாலே இன்னொரு இழுப்பு. இதில் கொடுமை என்னவென்றால், நினைவு தெளிவாக இருக்கும். நரம்புக்குள் புகுந்துவிட்ட விஷத்தை எந்த மருந்தும் முறிக்காது. அது தானாக அடங்க வாரக்கணக்கில் ஆகும்.

''வாயே திறக்க முடியாது'' என்று டாக்டர் சொன்னபோது, எனக்குப் பாட்டி ஞாபகம் வந்தது. அவளுடைய தலைச்சன் குழந்தை வீட்டில்தான் பிறந்தது. அரிவாளால் கொடி அறுத்து, தொப்புளில் சாணம் வைத்தார்களாம். நன்றாகப் பால் குடித்த குழந்தை ஏழாம் நாள் வாய் திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டது. 'தாய்ப்பால்ல தோஷம்' என்றது ஊர். பாட்டி சாகும்வரை அதை நம்பினாள்.

டாக்டரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ''டெட்டனஸாத்தான் இருக்கும். பால் என்ன செய்யும், பாவம்'' என்றார்.

இதற்கான தடுப்பூசியை 1920-களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களுக்குப் போட்டார்கள். பாட்டிக்குத்தான் வந்து சேரவில்லை. கர்ப்பிணிகளுக்கு ஊசி, ஆஸ்பத்திரிப் பிரசவம், சுத்தமான பிளேடு என்று படிப்படியாக வந்து, 2015-ல்தான் இந்தியா, பச்சிளங்குழந்தை டெட்டனஸை ஒழித்த நாடு என்று பெயர் வாங்கியது. ஒழிப்பு என்றால் பூஜ்யம் அல்ல. எல்லா மாவட்டத்திலும், ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் கீழ். கிருமி மண்ணிலேயேதான் இருக்கிறது. ஆளுக்கு ஆள் தொற்றுகிற நோய் இல்லை என்பதால், பக்கத்து வீட்டுக்காரர் போட்ட ஊசி உங்களைக் காப்பாற்றாது.

மறுநாள் மேஸ்திரியிடம், ''நீங்க எப்போ போட்டீங்க?'' என்று கேட்டேன். ''ஸ்கூல்ல போட்டாங்க சார்'' என்று சிரித்தார். தினமும் ஆணியோடு வாழ்கிற மனுஷர்! அவரையும் ரெண்டு சித்தாள்களையும் அழைத்துப்போய் ஊசி போட்டு, தேதியைக் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பத்து வருஷத்துக்கு ஒன்று. அழுக்குக் காயம் என்றால், ஐந்து வருஷம் தாண்டியிருந்தாலே இன்னொன்று. உங்கள் நோட்டில் தேதி இருக்கிறதா?