கத்திரியில் பச்சைப்பிள்ளைகள்

மே 5, 2024, ஞாயிறு

நேற்றுக் கத்திரி பிறந்தது. 28 வரை இருக்கிறது. கீரமங்கலம் பக்கத்துப் பிள்ளைகளுக்கோ பங்குனிக் கடைசியிலேயே வேர்க்குரு தொடங்கிவிட்டது. துணை சுகாதார நிலையத்துக்கு எதற்காக வந்தாலும், கிளம்பும்போது பிள்ளையின் சட்டையைத் தூக்கிக் காட்டி, "நர்ஸம்மா, இதுக்கு என்ன போடுறது?" என்று கேட்காத தாய் இல்லை. பவுடரா, சந்தனமா, நுங்குத் தண்ணியா, மெடிக்கலில் கொடுத்த களிம்பா? அந்தத் தோல் கேட்பது காற்று. இந்த மாதம் முழுக்க இதைத்தான் வீடு வீடாகச் சொல்லியாக வேண்டும்.

மே 6, திங்கள்

தோப்பை ஒட்டிய ஒரு சிமெண்ட் ஷீட் வீடு. பகல் பதினொரு மணிக்கே உள்ளே நிற்க முடியவில்லை. நைலக்ஸ் சேலையில் கட்டிய தூளியில் மூன்று மாதப் பெண்குழந்தை. தூக்கினால் முதுகு தொப்பலாக நனைந்திருக்கிறது. தாடையை மெல்ல நிமிர்த்திப் பார்த்தேன். கழுத்து மடிப்பில் பவுடர் வேர்வையோடு குழைந்து வெள்ளைத் திரியாக உருண்டு கிடந்தது. அதற்கடியில் செக்கச்செவேலென்று பொடிப்பொடியாகக் குரு. நனைத்த பருத்தித் துணியால் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தோம். ஈரம் போகத் துடைத்து, திண்ணை நிழலில் பழைய நூல் சேலை விரித்து, வெறும் உடம்போடு படுக்கவைத்தோம். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்று கை காலை உதைத்துக்கொண்டது.

"தாய்க்காரி மாம்பழமாத் திங்கிறா. அந்தச் சூடுதான் பாலுல எறங்குது" என்றார் அப்பத்தா. பழத்தை நிறுத்திவிட்டார்களாம். "அப்பத்தா, பாலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. வேர்வை வெளியே வர வழியில்லாம தோலுக்குள்ளேயே நிக்குது, அம்புட்டுத்தான். அவளைச் சாப்பிட விடுங்க" என்றேன். பிள்ளைக்குச் சங்கில் தண்ணீர் வேறு புகட்டுகிறார்கள். ஆறு மாதம் வரை அது கூடாது. தாய்ப்பாலில் 100-க்கு 88 பங்கு தண்ணீர்தான். வெயிலுக்குப் பாலை அடிக்கடி கொடுத்தால் போதும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டியவள் தாய்.

மே 8, புதன்

தடுப்பூசி நாள். ஊசி போட்டு உட்கார்ந்திருந்த தாய்மாரிடம் பேச நேரம் கிடைத்தது. மனித உடம்பில் வேர்வைச் சுரப்பிகள் 20 லட்சத்திலிருந்து 40 லட்சம் வரை. அவ்வளவும் பிறக்கும்போதே அமைந்துவிடுவதால், அந்தச் சின்ன உடம்பில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. அவற்றின் குழாய் இன்னும் முதிராதது. அதன் வாயில் எண்ணெய்ப் பிசுக்கும் பவுடரும் அழுக்கும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். தோலின் மேற்பரப்பிலேயே அடைத்தால் தெளிந்த நீர்க்கொப்புளம், அரிப்பிருக்காது. கொஞ்சம் ஆழத்தில் அடைத்தால் சிவந்து நமைக்கும். உடம்பு குளிர்ந்தால் சில நாளில் தானாக அடங்கும்.

ஒருத்தி பையிலிருந்து ஒரு டியூபை எடுத்துக் காட்டினாள். பார்த்ததும் பதறிவிட்டது. சீட்டில்லாமல் வாங்கிய ஸ்டீராய்டுக் களிம்பு. 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை டாக்டர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. சிவப்பு சட்டென்று மறைவதால்தான் இதை நம்புகிறார்கள். நாளாக நாளாகத் தோல் மெலியும்; பிள்ளைத் தோல் வழியே மருந்து உடம்புக்குள்ளும் இறங்கும். படர்தாமரையாக இருந்தால் இன்னும் பரவும். நமைச்சலுக்கு ஏதாவது வேண்டும் என்றால் கேலமைன் போதும், அதையும் டாக்டரிடம் காட்டிவிட்டு.

மே 11, சனி

ஆதனக்கோட்டையில் உறவுக்காரர் வீட்டு விசேஷம். முந்திரி வறுக்கும் ஊர். வீட்டுப் பையனுக்கு நான்கு வயது. உதட்டைச் சுற்றிக் கறுத்துச் சொரசொரவென்று இருந்தது. மாங்காயைக் காம்போடு கடித்திருக்கிறான். அந்தப் பால் பட்ட புண். முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெயும் இதே குணம்தான், மாவும் முந்திரியும் ஒரே குடும்பம். இதையும் 'சூடு' என்று சொல்லி நுங்கு தடவிக்கொண்டிருந்தார்கள். காம்புப் பக்கம் அரிந்து, தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவிக் கொடுங்கள் என்று சொல்லிவந்தேன்.

மே 14, செவ்வாய்

வாசலில் வேப்பிலை செருகிய வீடு. ஒரு வயதுப் பிள்ளையை நான்கு நாளாகக் குளிப்பாட்டவில்லை, அம்மை என்று பயம். காய்ச்சல் இல்லை, நன்றாக விளையாடுகிறது. முதுகிலும் அக்குளிலும் கழுத்திலும் மட்டும் குரு. சின்னம்மை என்றால் காய்ச்சல் இருக்கும்; தலைக்குள்ளும் வாய்க்குள்ளும்கூட வரும்; நீர் கோத்ததும் வாடியதும் புதிதாகக் கிளம்பியதுமாக ஒரே நேரத்தில் தெரியும். இது வேர்க்குருதான். நார்த்தாமலை மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறார்கள். நேர்த்திக்கடனை நல்லபடி செலுத்துங்கள், பிள்ளையை இன்றைக்கே பச்சைத் தண்ணீரின் குளிர்ச்சி போக விளாவிக் குளிப்பாட்டுங்கள் என்றேன். சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்துவிட வேண்டும். மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரியாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. 104 சுகாதார உதவி எண்ணைச் சுவரில் எழுதிவைத்தேன்.

மே 16, வியாழன்

தோப்பு வீட்டுக்கு மறுபடி போனேன். ஷீட்டுக்கு மேல் தென்னங்கீற்றைப் பரப்பிவிட்டார் அந்தக் குழந்தையின் அப்பா. சன்னலில் ஈரச் சாக்கு. தூளி நூல் சேலைக்கு மாறியிருக்கிறது. கழுத்து மடிப்பில் சிவப்பு மங்கிவிட்டது.

முன்பு இந்த வீட்டுக்கு மேலே பலா கவிந்திருந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்தபோது பலாவும் தென்னையும் வேரோடு சாய்ந்தன, ஓடும் போனது. கையிலிருந்த காசுக்கு ஷீட்தான் போட முடிந்தது. வடகாடு, கொத்தமங்கலம் எங்கும் இதே கதை. பிறகு வைத்த கன்றுகள் இன்னும் கூரை நிழலுக்கு எட்டவில்லை. பிறந்த பிள்ளையின் கழுத்தில் நான் பார்க்கும் குருவுக்கு அந்தப் புயலும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். சுகாதாரப் பதிவேட்டில் கூரை என்ன, நிழல் உண்டா என்று எழுத ஒரு கட்டம் இருந்தால் எவ்வளவு நல்லது!

மே 19, ஞாயிறு

மழை பிடித்திருக்கிறது. கத்திரி தணிந்தது என்று எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். ஆனால் காற்றில் ஈரம் ஏறினால் வேர்வை காயாது. வேர்க்குரு இப்போதும் வரும். சன்னலில் தொங்கும் ஈரச் சாக்குகளை நாளைக் காலையிலேயே கழற்றச் சொல்ல வேண்டும்.