எது ஒளிர்கிறது?

வைட்டமின் சி-யைக் கண்டறியும் ஒளிர் உணரிகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றின் இறுதியில் ஒரு சிறு அட்டவணை இருக்கும். 'உண்மை மாதிரிகளில் பயன்பாடு' என்பது அதன் வழக்கமான தலைப்பு. மருந்துக் கடை மாத்திரை ஒன்று, புட்டியில் அடைத்த பழச்சாறு ஒன்று, அவற்றுக்கு எதிரே நூறை ஒட்டிய மீட்பு விழுக்காடுகள். என் ஆய்வேட்டிலும் அத்தகைய அட்டவணை ஒன்று இடம்பெற வேண்டும். அதைப் பற்றியே இந்தப் பதிவு.

இத்துறைக்குப் புதியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கார்பன் புள்ளிகள் எனப்படும் நுண்துகள்கள் புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிர்கின்றன. ஃபெரிக் அயனியைச் சேர்த்தால் அவ்வொளி தணிகிறது. பின்னர் அஸ்கார்பிக் அமிலத்தைச் சேர்த்தால், அது ஃபெரிக்கை ஃபெரஸாக ஒடுக்குகிறது, ஒளி மீள்கிறது. மீண்ட ஒளியின் அளவே வைட்டமின் சி-யின் அளவு என்று கொள்கிறோம். மாங்கனீசு டைஆக்சைடு, கோபால்ட் ஆக்சிஹைட்ராக்சைடு ஆகியவற்றின் நுண்தகடுகளைக் கொண்டும் இதையே செய்கிறார்கள். நைட்ராக்சைடு தனியுறுப்பு பிணைந்த சாயங்களும் உண்டு. பொருள்கள் வேறாயினும் இவை அனைத்தின் அடிப்படை ஒன்றே: அஸ்கார்பிக் அமிலம் எலக்ட்ரானை எளிதில் ஈயும். சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது. எலக்ட்ரானை ஈவது அஸ்கார்பிக் அமிலம் மட்டுமன்று.

எங்கள் ஊர் கள்ளிக்காடு. நெய்யாறு அணையை அடுத்தது. 1956 நவம்பர் 1இல் கல்குளமும் விளவங்கோடும் தமிழகத்தோடு இணைந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. அதனால் இங்கிருந்து பாறசாலை வரையிலான எல்லைச் சிற்றூர்களில், வீட்டுக்குள் தமிழும் பேருந்துப் பலகையில் மலையாளமுமாக வாழும் குடும்பங்கள் பல. நெல்லிக்கு இரு மொழியிலும் ஏறத்தாழ ஒரே சொல். அகத்தியமலை அடிவாரத்துக் காட்டு நெல்லியைத் தேனில் ஊறவைத்து விற்கும் பெண்கள் குழுவில் என் சித்தியும் ஒருவர். புட்டியில் ஒட்டும் சீட்டில் 'வைட்டமின் சி நிறைந்தது' என்று அச்சிடலாமா என்பது அவர்கள் கேள்வி. "மக்கா, நீ வருசக் கணக்கா படிக்கியது இதத்தானே? இதுல உண்டா இல்லியா, அத மட்டும் சொல்லு" என்றார் சித்தி. வேதியியல் வகுப்புகளில் இதைவிடக் கூர்மையான வினாவை நான் எதிர்கொண்டதில்லை.

விடை நூல்களில் எளிதாகக் கிடைக்கும் என்றுதான் எவரும் நினைப்பர். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய உணவு மதிப்பு நூலில், 100 கிராம் நெல்லிக்காயில் 600 மில்லிகிராம் வைட்டமின் சி. அதே நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுக் கூறு அட்டவணையில் ஏறத்தாழ 252 மில்லிகிராம். மரம், மண், முதிர்ச்சி எல்லாம் மாறுபடும் என்பது உண்மை. ஆனால் முறையும் மாறியிருக்கிறது. முன்னாளில் பரவலாகப் பயன்பட்ட இண்டோஃபீனால் சாயத் தரம்பார்த்தல், சாயத்தை ஒடுக்கும் பிற பொருள்களையும் சேர்த்தே எண்ணிவிடக்கூடியது. உயர்திறன் நீர்ம நிறச்சாரல் பிரிகை கூறுகளைப் பிரித்த பின்னரே அளக்கிறது. நெல்லியிலோ கேலிக் அமிலமும் டானின்களும் மிகுதி. நாவில் படும் துவர்ப்பே அதற்குச் சான்று. 1996இல் கோசல் குழுவினர், நெல்லியின் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பாற்றலுக்குக் காரணம் வைட்டமின் சி அன்று, டானின்களே என்று வாதிடும் அளவுக்கு இந்தக் குழப்பம் நீண்டது. பிரித்தளந்த பிற்கால ஆய்வுகள் வைட்டமின் சி அதில் உண்டு என்றே காட்டின.

இனி அட்டவணைக்கு வருவோம். மாதிரியில் 60 அலகு வைட்டமின் சி-யும், 40 அலகுக்கு நிகராக ஒடுக்கும் கேலிக் அமிலமும் இருப்பதாகக் கொள்வோம். உணரி 100 என்று காட்டும். அதில் 50 அலகு தூய வைட்டமின் சி-யைச் சேர்த்தால் 150 என்று காட்டும். சேர்த்த 50-உம் திரும்பக் கிடைத்துவிட்டது. மீட்பு 100 விழுக்காடு. அட்டவணை குறையற்றது, அளவீடோ தவறானது. நாம் சேர்த்தது என்ன என்பதை மட்டுமே மீட்புச் சோதனை அறியும். முன்பே இருந்தது என்ன என்பதை அது அறியாது. மாத்திரையில் இவ்வேறுபாடு வெளிப்படாது, ஏனெனில் அங்கே ஒடுக்கும் பொருள் பெரும்பாலும் வைட்டமின் சி-தான்.

மாத்திரையோடு நிறுத்திக்கொள்ளுமாறு அக்கறையுள்ளோர் பலர் எனக்கு அறிவுறுத்தினர். உதவித்தொகைக் காலம் முடிய அதிக நாளில்லை. கட்டுரை இன்றி ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இயலாது. அவர்கள் சொன்னதில் பிழையில்லை. ஆயினும் மாத்திரையில் வைட்டமின் சி இருக்கிறதா என்று எங்கள் ஊரில் எவரும் கேட்கவில்லை. நான் நெல்லியையே எடுத்துக்கொண்டேன்.

வழி இல்லாமல் இல்லை. வெள்ளரி, பூசணிக் குடும்பத்துக் காய்களில் அஸ்கார்பேட் ஆக்சிடேஸ் என்னும் நொதி உண்டு. அது அஸ்கார்பிக் அமிலத்தைத் தேர்ந்து ஆக்சிஜனேற்றும். நொதி சேர்க்காத சாற்றையும் சேர்த்த சாற்றையும் அளந்தால், இரண்டின் வேறுபாடே வைட்டமின் சி. டானின்கள் புரதத்தோடு பிணைந்து நொதியை முடக்குமாதலால், அவற்றை முதலில் பாலிவினைல்பாலிபிரோலிடோன் தூளில் படியவைத்து நீக்க வேண்டும். இச்சிந்தனை புதிதன்று. 1965இல் டாய்ச், வீக்ஸ் இருவரும் வகுத்த ஒளிர்வு முறையில், ஆக்சிஜனேற்றிய வைட்டமின் சி-யை ஆர்த்தோ ஃபினைலீன்டைஅமீனோடு வினைபுரியச் செய்து ஒளிரவைத்தனர். வெற்று மாதிரியில் மட்டும் போரிக் அமிலத்தால் அதைக் கட்டி, ஒளிராமல் தடுத்தனர். அப்போதும் எஞ்சும் ஒளி வேறு பொருள்களுடையது, அதைக் கழித்தனர்.

எஞ்சும் ஒளி என்றதும் கே. ஆர். இராமநாதன் நினைவுக்கு வருகிறார். பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்து, திருவனந்தபுரத்தில் பணியாற்றி, பின்னர் கல்கத்தாவில் இராமனிடம் சேர்ந்தவர். 1923இல் நீர்மங்களில் ஒளிச்சிதறலை ஆராய்கையில், எத்துணை தூய்மைப்படுத்தியும் நீங்காத மங்கலான ஒளியொன்றைக் கண்டார். மாசினால் எழும் வலுக்குன்றிய ஒளிர்வு என்று அது அன்று கருதப்பட்டது. 1928இல் இராமனும் கிருஷ்ணனும் காட்டினர்: அது ஒளிர்வே அன்று. இன்றும் எங்கள் கருவியில் 350 நானோமீட்டர் ஒளியைத் தூய நீரில் பாய்ச்சினால், 397 அருகே ஒரு சிறு மேடு எழும். இராமன் விளைவின் மேடு அது.

நொதி சேர்த்த நெல்லிச் சாற்றிலும் ஒரு பகுதி ஒளி அணையாமல் நின்றது. அது வைட்டமின் சி-யின் ஒளி அன்று. கழித்து வந்த வேறுபாடு வைட்டமின் சி-யினுடையது. அது கணிசமாகவே இருந்தது. சித்தியிடம் சொன்னேன்: "உண்டு சித்தி. ஆனா பழைய புத்தகத்துல உள்ள எண்ணைச் சீட்டுல போடவேண்டாம். தேன்ல ஊறினத தனியா அளந்து தாறேன், அதப் போடுங்க." அந்த இயல் இன்னும் முடியவில்லை, அட்டவணையில் இப்போது கூடுதலாக ஒரு பத்தி இருக்கிறது.

இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். மீட்பு விழுக்காட்டை எழுதுமுன், நீங்கள் தேடும் பொருளை மட்டும் மாதிரியிலிருந்து நீக்கிவிட்டு ஒருமுறை அளந்து பாருங்கள். அப்போதும் ஒளிர்ந்தால், எது ஒளிர்கிறது என்று கேளுங்கள்.