ஐப்பசியில் ஒரு நாள்: தீவுல பாத்தது

தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஸ்ரீரங்கம் ஒரு தீவுன்னு சொன்னா ஆபீஸ்ல சிரிக்கிறாங்க. முக்கொம்புல காவிரி ரெண்டா பிரியுது, தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவுல நாங்க. தீவு இல்லாம வேற என்னவாம்?

அப்பாவுக்குக் கண் நீர்அழுத்த நோய். போன பார்வை திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். முப்பது வருஷமா பறவை பாத்த மனுஷன். "நீ பாரு, நான் கேக்கறேன். நோட்டை எடுத்துக்கோ"ன்னு கிளம்பிட்டார்.

காலை ஆறு மணி, அம்மா மண்டபம். ஐப்பசி முழுக்கப் பெருமாளுக்குத் தீர்த்தம் இங்கிருந்துதான், தங்கக் குடத்துல, யானை மேல போகும். (மத்த மாசம் கொள்ளிடத்துல இருந்து.) "யானையையும் எழுதிக்கோடா"ன்னார். எழுதினேன் :-) கம்பி மேல வரிசையா தகைவிலான், குளிர்காலத்துக்கு வடக்கேர்ந்து வந்தது. அந்தரத்துல நின்னு சிறகடிச்சு, சொத்துன்னு தண்ணில விழுந்த கருப்பு வெள்ளை மீன்கொத்தி. மேல கருடன். நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள அப்பா கன்னத்துல போட்டுக்கிட்டார்.

மதியம் மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. 2015-ல திறந்தது. மழை வந்துடுச்சு, கறிவேப்பிலை அழகி ரெண்டு, எருக்கன் வரியன் ஒண்ணு, அவ்ளோதான். இங்க அப்பா பேசவே இல்ல. பட்டாம்பூச்சிக்குச் சத்தம் கிடையாதுன்னு எனக்கு அப்பதான் உறைச்சுது. கூட்டிட்டு வந்திருக்கக் கூடாது.

சாயங்காலம் கொள்ளிடக்கரை. மணல் திட்டு, நடுவுல ஓடுற தண்ணி, நத்தைகுத்தி நாரை நாலு. ஆள்காட்டி கத்த ஆரம்பிச்சுது. நான் மொபைலை நோண்டிட்டு இருந்தேன். அப்பா கையைப் பிடிச்சு அமுக்கினார்.

"நாணல் பக்கம் பாரு. கீச்சுன்னுது. நீர்நாய்."

ஒண்ணும் தெரியல. ரெண்டு நிமிஷம் கழிச்சு பழுப்பா ஒரு தலை, பின்னாடியே இன்னொண்ணு. வாயில மீன்! இந்த ஊர்ல பொறந்து வளந்தும் இதான் முதல் தடவை. வலையைக் கிழிக்குதுன்னு மீன்பிடிக்கிறவங்க திட்டுறதைத்தான் கேட்டிருக்கேன்.

"எத்தனை?"

"ரெண்டுப்பா."

"மூணு. குட்டி ஒண்ணு தனியா கூப்பிடுது. நல்லா பாரு."

இருட்டற வரைக்கும் பாத்தேன். ரெண்டுதான். மூணுன்னு சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்லல. வீட்டுக்கு வந்து நோட்டை வாசிக்கச் சொன்னார். கடைசி வரியை மாத்தச் சொல்லி அவரே சொல்லச் சொல்ல எழுதினேன்:

நீர்நாய்: பாத்தது 2, கேட்டது 3.