அலையும் அசைவும்

காதுக்குக் கேட்பது மட்டும்தான் ஒலியா? நொடிக்கு 20,000 அதிர்வுகளைத் தாண்டிய ஒலி மனிதச் செவிக்கு எட்டாது; அதனை மீயொலி என்பர். இயற்பியல் பயிலும் நமக்கு அது தேர்வுக்குரிய பாடம். சென்ற ஆண்டு என் குடும்பத்திற்கோ அது உயிருக்குரிய பாடமாயிற்று.

இக்கருவியின் வரலாறே விந்தையானது. உலோகத்திலுள்ள விரிசலைக் கண்டறிய ஆலைகளில் மீயொலியைப் பயன்படுத்தி வந்தனர். கிளாஸ்கோ நகரின் மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் இயான் டொனால்டு, 1955இல் அத்தகைய ஆலைக் கருவி ஒன்றினால், அறுவையில் அகற்றிய கட்டிகளைச் சோதித்தார். 1958இல் கருவிலுள்ள சிசுவின் மீயொலிப் படமும் அடங்கிய கட்டுரையை நண்பர்களுடன் 'லான்செட்' இதழில் வெளியிட்டார். இரும்பின் குறையைத் தேடிய அலை, தாயின் வயிற்றில் உயிரின் நிறைவைத் தேடத் தொடங்கியது!

என் அக்கா தலைப்பிரசவத்திற்கு எங்கள் வீடு வந்திருந்தார். 37ஆம் வாரம். ஒரு நாள் காலை, "நேத்து சாயங்காலத்திலேர்ந்து பிள்ளை முன்ன மாதிரி அசையலைம்மா" என்றார். "நிறைமாசத்துல உள்ளே இடம் பத்தாது, அப்படித்தான் இருக்கும்" என்றார் அப்பாயி. "போன வாரம்தானே ஸ்கேன் எடுத்தோம்? நல்லா இருக்குன்னாங்களே" என்றார் அம்மா. நடவுக் காலம், ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும். ஆனால் அக்கா விடவில்லை. "எனக்குத் தெரியுதும்மா" என்றார். கிராம சுகாதாரச் செவிலியரிடம் தொலைபேசியில் சொன்னேன். "உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க" என்றார் அவர்.

அரசு மருத்துவமனையில் துணைக்கு என்னை உள்ளே விட்டனர். சிசு ஆணா பெண்ணா என்று கூறுவது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்னும் பலகை சுவரில் இருந்தது. அன்று அதை எவர் கேட்கப் போகிறார்? நலமா என்பது ஒன்றே எங்கள் கேள்வி.

அலை திசுக்களில் நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் செல்கிறது. 10 செ.மீ. ஆழம் போய் எதிரொலியாகத் திரும்ப, நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகமாகும். அந்தக் கால அளவைக் கொண்டே திரையில் உருவம் அமைகிறது. ஆனால் மருத்துவர் உருவத்தோடு நிற்கவில்லை. அரை மணி நேரம் பொறுமையாகப் பார்த்தார். பிள்ளை உடலை அசைக்கிறதா? கை கால்களை நீட்டி மடக்குகிறதா? மூச்சு விடப் பழகுவதுபோல் மார்பு 30 நொடியேனும் தொடர்ந்து ஏறி இறங்குகிறதா? பனிக்குட நீர் ஓரிடத்திலாவது 2 செ.மீ. ஆழம் உள்ளதா? பிறகு இதயத் துடிப்பின் பதிவு. ஐந்துக்கும் இரண்டிரண்டு மதிப்பெண், மொத்தம் 10. ஃபிராங்க் மேனிங் குழுவினர் 1980இல் வகுத்த முறை இது.

அக்காவின் பிள்ளை பெற்றது 6. மூச்சசைவு காணவில்லை, நீரும் குறைந்திருந்தது. "இனிக் காத்திருக்க வேண்டாம்" என்றார் மருத்துவர். அன்றிரவே அறுவையில் பெண் குழந்தை பிறந்தாள். எடை 2 கிலோ 100 கிராம். அழுதாள்; நாங்களும் அழுதோம்.

போன வார ஸ்கேன் பொய்யா? அன்று. ஸ்கேன் அந்த நேரத்து நிலையைக் காட்டும். அடுத்த வாரத்திற்கு உறுதி அளிக்காது. இடைப்பட்ட நாளெல்லாம் காவல் இருப்பவள் தாய்தான். கருவி முதலில் தேடியதும் அக்கா சொன்ன அந்த அசைவைத்தானே! நிறைமாதத்தில் அசையும் விதம் சற்று மாறலாம். அசைவு குறையக் கூடாது என்று மருத்துவர் அப்பாயிக்கும் விளக்கினார்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள் ஆகப் போகிறவர்கள். ஸ்கேன் அறிக்கையைப் படித்துச் சொல்லும் பொறுப்பு நம்மிடமே வரும். அதைப் படிப்போம். அதற்கும் முன்னால், "பிள்ளை அசைவு குறைஞ்சிருக்கு" என்று ஒரு தாய் சொன்னால், அந்தச் சொல்லுக்குச் செவி கொடுப்போம். பொழுது விடியட்டும் என்று காத்திராமல் அப்பொழுதே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம்.