ஆர்-4

நகை அடகுக் கடைகளில் வருஷப் பிறப்புக்கு இலவசமாகக் கொடுக்கிற மாதக் காலண்டர் ஒன்றை நீதிமன்றத்தில் சான்றாவணமாகக் குறியீடு செய்தவன் நான். எதிர்மனுதாரர் தரப்பு ஆர்-4. 2021-ஆம் வருஷத்துக் காலண்டர், தாளெல்லாம் மஞ்சள் கறை, ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. சமையலறைச் சுவரிலிருந்து ஆணியோடு கழற்றிக் கொண்டுவந்தார்கள். பெஞ்ச் கிளார்க் அதை இரண்டு விரலால் வாங்கிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

வழக்கு மாங்காட்டுக் குடும்பத்துடையது. என் அலுவலகம் பூந்தமல்லியில். அவர்கள் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். ஆனாலும் நான் திருவள்ளூர் மாவட்டம், அவர்கள் காஞ்சிபுரம் மாவட்டம். 2022-இல் ஆவடி ஆணையரகம் பிறந்த பிறகு காவல் நிலையம் ஆவடிக் கணக்கில் போய்விட்டது. நிலத்துக்கு ஒரு திசை, போலீஸுக்கு ஒரு திசை என்று அலைவது அந்த ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம்.

குடும்பத் தலைவருக்கு அப்போது 72 வயது. மல்லித் தோட்டம் போட்டிருந்தவர். மனை விலை ஏற ஏறத் தோட்டம் சுருங்கி, கடைசியில் வீட்டைச் சுற்றி முப்பது சென்ட் மிஞ்சியது. வீடு என்றால் ஒரே வாசல், ஒரே கிணறு, உள்ளே நான்கு குடித்தனம். பெரியவரும் அவர் மனைவியும், மூன்று மகன்களின் குடும்பங்கள், கணவரை இழந்து தாய் வீட்டுக்கே வந்துவிட்ட மகள். உலை மட்டும் ஒன்று.

2021 மே மாதம் நடு மகன் போனார். ஒன்பது நாள் கழித்து அவர் மனைவியும் போனார். 9 வயதில் ஒரு பெண், 6 வயதில் ஒரு பையன், 14 மாதத்தில் ஒரு கைக்குழந்தை மிச்சம். அந்த வீட்டில் அப்போது தொற்று இல்லாத பெரியவர்கள் இரண்டே பேர். மூத்த மருமகளும் விதவை மகளும் ஆறு குழந்தைகளை மாடியில் வைத்துக்கொண்டு, கீழே இருந்த நோயாளிகளுக்குக் கஞ்சியைப் படியில் வைத்துவிட்டு ஓடுவார்களாம். அம்மா செத்த சேதியை மூத்த பெண்ணிடம் சொல்ல மூன்று நாள் ஆனது. யார் சொல்வது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் பெரியவரின் மனைவி, பிள்ளைகளின் ஆயாதான் சொன்னாள்.

அக்டோபரில் ஆரணிப் பக்கத்திலிருந்து வழக்கு வந்தது. போட்டவர் தாய்மாமன், இறந்த பெண்ணின் தம்பி, பட்டுத் தறி வைத்திருப்பவர். மூன்று குழந்தைகளுக்கும் தன்னைப் பாதுகாவலராக நியமிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். முதலில் தன் ஊர் நீதிமன்றத்தில்தான் தாக்கல் செய்தார். மைனர் வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றத்துக்குத்தான் அதிகாரம் என்கிறது 1890-ஆம் வருஷத்து கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தின் 9-ஆவது பிரிவு. மனு திரும்பி, இந்தப் பக்கம் வந்தது.

பெரியவர் சம்மனோடு வந்து கேட்ட முதல் கேள்வி, "என் பேரப் புள்ளைங்களுக்கு நான் கார்டியன் இல்லையா வக்கீலய்யா?" என்பதுதான்.

இல்லை. இதைக் கட்சிக்காரர்களிடம் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். 1956-ஆம் வருஷத்து இந்து மைனர் சட்டத்தின் 6-ஆவது பிரிவில் இயற்கைப் பாதுகாவலர் என்று சொல்லப்படுகிறவர்கள் தகப்பனும் தாயும்தான். தாத்தா வராது, பெரியப்பா வராது, தாய்மாமனும் வராது. பெற்றவர்கள் இரண்டு பேரும் போய்விட்டால் சட்டத்தின் கண்ணில் அந்த இடம் காலி. நிரப்ப நீதிமன்றம்தான் வர வேண்டும். ஊரில் ஆயிரம் வீடுகளில் தாத்தாக்கள் வளர்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். யாரும் கேட்காதவரை வண்டி ஓடுகிறது.

இங்கே கேட்பதற்குக் காரணம் இருந்தது. அந்த மே மாதக் கடைசியில் தமிழக அரசு, கொரோனாவில் தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தை ஒவ்வொன்றின் பெயரிலும் 5 லட்சம் ரூபாய் வைப்பு வைக்கும், 18 வயதில் வட்டியோடு கிடைக்கும் என்று அறிவித்திருந்தது. உறவினர் வளர்த்தால் மாதம் 3,000 ரூபாய். மத்திய அரசின் திட்டத்தில் 23 வயதில் 10 லட்சம். மூன்றால் பெருக்கிப் பாருங்கள். தெருவில் எல்லாரும் பெருக்கிப் பார்த்தார்கள். நானும் பெருக்கினேன். இதில் ஒரு வேடிக்கை, தாயின் இறப்புச் சான்றில் கொரோனா என்ற சொல்லே இல்லை. பரிசோதனை செய்து 30 நாளுக்குள் இறந்தால் கொரோனா மரணமாகக் கொள்ளலாம் என்று அந்தச் செப்டம்பரில் விதி தளர்ந்த பிறகு, மாவட்டக் குழுவுக்கு மனுப் போட்டுத் திருத்தி வாங்கினோம். வராத பணத்துக்காக ஊர் எங்களுக்கு முன்னாலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

எதிருரையில் நான் எழுதினேன்: அரசுப் பணத்தின் மீதும் முப்பது சென்ட் மனையின் மீதும் கண் வைத்தே மனுதாரர் இந்த மனுவைத் தாக்கல் செய்துள்ளார். எழுதும்போது கை நடுங்கவில்லை. அப்படி எழுதுவது எங்கள் தொழிலில் அச்சடித்த வாசகம் மாதிரி.

அதற்குப் பக்கத்திலேயே தாத்தா பெயரில் எங்கள் மனுவையும் தயாரித்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். 1890 சட்டத்தின் 10-ஆவது பிரிவு என்னென்ன எழுத வேண்டும் என்று பட்டியல் போடுகிறது: மைனர் இப்போது யார் வசம் இருக்கிறார், நெருங்கிய உறவினர் யார், அவர்கள் எங்கே வசிக்கிறார்கள், யாரை நியமிக்கக் கேட்கிறீர்கள், அவர் சம்மதம், சம்மதத்துக்கு இரண்டு சாட்சி. 'யார் வசம்' என்று எழுத ஒரு வரிதான் இடம். விசாரித்தால் பதில் ஒரு வரிக்குள் அடங்கவில்லை. குளிப்பாட்டுவது ஆயா. தலை பின்னுவது பெரியம்மா. வீட்டுப் பாடம் அத்தை. பள்ளி வேன் கட்டணம் பெரியப்பா. கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தது சித்தி. அவருக்கு அப்போது ஐந்து மாதக் குழந்தை. ஆங்கிலத்தில் எழுதுகிறபோது பெரியம்மாவும் சித்தியும் அத்தையும் ஒன்றாகி மூன்று 'ஆன்ட்' ஆனார்கள். என் ஜூனியர் பையன், "சார், மூணு ஆன்ட் இருக்கு, எந்த ஆன்ட்?" என்று டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

சட்டத்துக்குக் கூட்டுக் குடும்பம் தெரியாது என்று சொல்ல முடியாது. நன்றாகத் தெரியும், நிலத்தைப் பொறுத்தவரை. குடும்பச் சொத்தில் மைனருக்குப் பிரிக்காத பங்கு இருந்து, வீட்டுப் பெரியவர் ஒருவர் அதை நிர்வகித்தால், அந்தப் பங்குக்கென்று தனியாகப் பாதுகாவலரை நியமிக்கக் கூடாது என்கிறது 1956 சட்டத்தின் 12-ஆவது பிரிவு. அதாவது மல்லித் தோட்டத்துக்குக் குடும்பம் போதும், குழந்தைக்குப் போதாது. குழந்தைக்குக் கையெழுத்துப் போட ஆள் காட்டு என்கிறது.

இந்தத் தவிப்பில் இருக்கும்போதுதான் மூத்த மருமகளிடம் ஒரு தகவலைக் கேட்டதற்கு, "இருங்க, காலண்டரைப் பாத்து சொல்றேன்" என்றார். போனில் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பார்த்ததும் கழற்றிக் கொண்டுவரச் சொல்லிவிட்டேன்.

ஜூன் மாதத் தாளிலிருந்து ஆரம்பம். கட்டத்துக்குக் கட்டம் எழுத்து. 'பாப்பா பவுடர் பால் தீர்ந்தது.' 'பையன் ராத்திரி 2 முறை அழுதான். அத்தை கூட படுக்க.' 'கேஸ்.' ஜூலையில் சிவப்பு மையில் '16 மாத ஊசி', அதன் கீழே வேறு கையெழுத்தில் 'போட்டாச்சு, காய்ச்சல், மாத்திரை மதியம் குடுத்தேன்.' பள்ளி மூடிக் கிடந்த காலம்; நான்கு பிள்ளைகளுக்கு இரண்டு கைபேசி, எந்த நேரம் யாருக்கு என்று ஒரு அட்டவணை ஓரத்தில். நவம்பர் 1-ஆம் தேதிக் கட்டத்தில் 'ஸ்கூல் திறப்பு' என்று எழுதி வட்டம் போட்டு, வட்டத்தைச் சுற்றி யாரோ ஒரு குழந்தை சூரியன் வரைந்திருந்தது.

சாட்சிக் கூண்டில் மூத்த மருமகளைக் குறுக்கு விசாரணை செய்தார் எதிர்த் தரப்பு வக்கீல். கெட்டிக்காரர். இந்தக் காலண்டரில் உங்கள் கையெழுத்து எத்தனை இடத்தில் என்று கேட்டார். பாதி கூட இல்லை என்று தெரிந்தது. "அப்படியானால் குழந்தைகளுக்கு யார்தான் பொறுப்பு என்று உங்களாலேயே சொல்ல முடியாது, சரியா?" நல்ல கேள்வி, நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் காலண்டரையே பார்த்தார். "எழுதறவங்க வேற வேற சார். படிக்கறது எல்லாரும் படிப்போம்" என்றார்.

சித்தியிடம், சொந்தக் குழந்தைக்குத்தானே முதலிடம் கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். "ரெண்டும் ஒண்ணா கத்தும் சார். யாரு மொதல்ல கத்தறாங்களோ அவங்களுக்கு" என்றார். கோர்ட்டில் சிரிப்பு. நீதிபதி தலையைக் குனிந்துகொண்டார்.

இனி என் தவறைச் சொல்லிவிட வேண்டும். தாய்மாமனை நான் குறுக்கு விசாரணை செய்தேன். விடை தெரியாத கேள்வியைக் கூண்டில் கேட்காதே என்று சீனியர் சொல்லிக் கொடுத்த பாடம் முப்பது வருஷமாக எனக்குத் தெரியும். கேட்டேன்: "உங்கள் அக்கா இறந்தபோது நீங்கள் மாங்காட்டுக்கு வரவே இல்லை, சரிதானே?"

அவர் பேசவில்லை. சட்டைப் பையில் கை போனது. கூண்டில் கைபேசி எடுக்கக் கூடாது என்று டவாலி அதட்டினார். நீதிபதி அனுமதித்தார். 2021 மே மாதம், மாவட்டம் விட்டு மாவட்டம் போக இணையப் பதிவு கட்டாயமாக இருந்த வாரம். மரணம் என்று காரணம் எழுதி இவர் எடுத்த பதிவின் படம் திரையில் இருந்தது. ஆரணியிலிருந்து இரு சக்கர வண்டியில் கிளம்பி, நிறுத்திய இடத்திலெல்லாம் அதைக் காட்டிக் காட்டி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருக்கிறது. பையில் சுற்றிக் கொடுத்த உடல், காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் அக்கா முகத்தைப் பார்க்கவில்லை. தெருமுனையில் நின்று, மாடியில் இருந்த குழந்தைகளுக்குக் கையை ஆட்டிவிட்டு, அப்படியே ஆரணிக்குத் திரும்பியிருக்கிறார். எங்கள் வீட்டார் யாருக்கும் அன்று அவரை நினைக்கக்கூட நாதியில்லை. கீழ் வீடு முழுக்க நோயாளிகள். அவர் அதை, 'ஒரு வாய்த் தண்ணி கூடக் கேக்கல' என்று எடுத்துக்கொண்டார். ஐந்து மாதம் அந்த வார்த்தை உள்ளேயே கிடந்து மனுவாக வெளியே வந்திருக்கிறது.

மேற்கொண்டு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டேன்.

2022 ஜூன் 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்திலிருந்து ஒரு தீர்ப்பு வந்தது. சுவாமிநாதன் குஞ்சு ஆச்சாரியா எதிர் குஜராத் மாநிலம். அகமதாபாத்தில் அதே இரண்டாம் அலையில் பெற்றோர் இருவரையும் இழந்த சிறுவன். ஒரு பக்கம் அப்பாவைப் பெற்ற தாத்தா பாட்டி, இன்னொரு பக்கம் அம்மாவின் சகோதரி. உயர் நீதிமன்றம் சிறுவனை அந்தச் சகோதரி வசம் விட்டது. உச்ச நீதிமன்றம் தாத்தா பாட்டியிடம் கொடுத்தது. என் ஜூனியர் துள்ளிக் குதித்துக்கொண்டு நகல் எடுத்து வந்தான். படித்துப் பார்த்தால் அது இருபுறமும் கூர். வயதும் வருமானமும் மட்டும் வைத்துத் தாத்தாவைத் தள்ளக் கூடாது என்பது எங்களுக்கு. குடும்பம் பெரியது என்பதை மட்டும் வைத்துத் தராசைச் சாய்க்கக் கூடாது என்பதும் அதே பத்தியில் இருக்கிறது. அது எங்கள் கழுத்துக்கு. எதிர்த் தரப்பு ஏற்கெனவே 2008-இன் நீல் ரத்தன் குண்டு தீர்ப்பை வைத்திருந்தது. அதில் குழந்தை தாய் வழித் தாத்தா பாட்டியிடம் போனது. அங்கே தகப்பன் மேலேயே மனைவியின் சாவு பற்றி வழக்கு இருந்தது என்று நான் வேறுபடுத்திக் காட்டினேன். அப்புறம் எனக்கே சலித்துவிட்டது. நீதிபதிக்கும் சலித்திருக்க வேண்டும். சமரசத்துக்கு அனுப்பினார்.

சமரச மேசையில் மாமனின் மனைவியை முதல்முறையாகப் பார்த்தேன். கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. மாங்காட்டு அம்மனுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழ வேண்டுதல் உண்டல்லவா, 2019-இல் அதற்காக ஆறு வாரமும் ஆரணியிலிருந்து வந்திருக்கிறார். ஒவ்வொரு வாரமும் தங்கியது நாத்தனார் வீட்டில், அதாவது இதே வீட்டில். ஆறாவது வாரம் முடிந்து சில மாதத்தில் பிள்ளை உண்டானது நாத்தனாருக்கு. "என் வேண்டுதல் வழி தவறிப் போச்சுன்னு அவங்ககிட்ட கிண்டல் பண்ணுவேன். சின்னதையாவது குடுங்க" என்றார். பெரியவர் மேல் துண்டால் முகத்தைத் துடைத்தார். யாரும் பேசவில்லை. ஆயாதான், "மூணும் ஒண்ணா படுத்துதும்மா. ஒண்ணைப் பிரிச்சா ரெண்டு தூங்காது. நீ வந்து படு, எத்தினி நாள் வேணா" என்றாள்.

நான்கு அமர்வு நடந்தது. 1890 சட்டத்தின் 15-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது என்பதால் தாத்தாவும் பெரியப்பாவும் கூட்டுப் பாதுகாவலர்கள். மே மாத விடுமுறை முழுக்க ஆரணி. ஞாயிறு மாலை வீடியோ அழைப்பு. இறந்த பெண்ணின் நகை வங்கி லாக்கரில், மூத்த பெண்ணுக்கு 18 வயது ஆகும்வரை, சாவி மாமனிடம். கடைசி ஷரத்து, ஊரடங்கில் தள்ளிப்போன கைக்குழந்தையின் காதுகுத்தைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் நடத்த வேண்டும்.

"இதையும் உத்தரவில் எழுதணுமா?" என்றார் நீதிபதி.

"எழுதினால்தான் என் கட்சிக்காரர் கையெழுத்துப் போடுவார்" என்றார் எதிர்த் தரப்பு வக்கீல்.

எழுதினார்.

மூத்த பெண்ணை அறைக்குக் கூப்பிட்டுத் தனியாக விசாரித்திருந்தார். என்ன பேசினார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. உன்னைப் பார்த்துக்கொள்வது யார் என்ற கேள்விக்குச் சிறுமி ஏழு பேரைச் சொன்னாள் என்று உத்தரவில் ஒரு வரி இருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் ஏழு பேர்தான்.

சான்றிட்ட நகலை வாங்க மூத்த மருமகள் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து பக்கத்தைப் புரட்டினார். ஆங்கிலம் வராது, பெயர்களை மட்டும் எழுத்துக் கூட்டிப் படித்தார். மாமனார் பெயர் இருந்தது, கணவர் பெயர் இருந்தது. "எம் பேரு இதுல எங்க சார் இருக்கு?" என்றார். கோபமெல்லாம் இல்லை, தேடித்தான் கேட்டார்.

உத்தரவில் இல்லை. கட்டை அவிழ்த்து எங்கள் மனுவை எடுத்தேன். நெருங்கிய உறவினர் பட்டியல், நான்காவது வரிசை, பெயர், பக்கத்தில் 'ஆன்ட்'. காட்டினேன். விரலை வைத்துப் பார்த்தார்.

"காலண்டரைத் திருப்பித் தருவாங்களா சார்?" என்று கேட்டார். மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் மனுப் போட்டால் தருவார்கள் என்றேன். நவம்பர்த் தாளுக்குப் பின்னால் பால்காரனுக்குக் கொடுத்த அட்வான்ஸ் கணக்கு இருக்கிறதாம்.